கேட்டாலும் குடுக்காதே

வேண்டாம் தாயி, நீ சாப்பிடு. நான் இன்னும் பாரணை பண்ணல. நேத்து சிவராத்திரில்லா. பாபநாசம் போய் ஆத்துல முங்கி எந்திரிச்சு, அங்கன ஒரு வேலை கெடக்கு, அது முடிஞ்ச பொறவுதான் என் பல்லுல ஏதாவது படும்.

என்ன வேலையா? எங்க மாமியாளுக்கு இன்னைக்குத் திதி. எங்க வீட்டுக்காரவிய முந்தின பஸ்ஸுலயே போயிட்டாவ. அவிய தங்கச்சி செண்பகம் திருநெல்வேலில இருந்து நேரா வந்துருவா. அண்ணனும் தங்கச்சியும் படித்துறைல ஐயர் முன்னால உக்காந்து எள்ளும் தண்ணியும் இறைப்பாவ. நான் நாலு படி கீழ, ஈரச் சேலையோட நிப்பேன். பக்கத்துல வரக்கூடாது. செண்பகம் போட்ட சட்டம். ஒம்பது வருசமா இப்படித்தான் நடக்கு. நானும் ஒம்பது வருசமா விடாமப் போய் நிக்கேன். வராதன்னு சொல்ல அவளுக்கு வாயி வரல பாரு, அது வரைக்கும் போவேன்.

ஏன்னு கேக்கியா? கேளு. ஊரே கேட்டுட்டு, நீ ஒருத்தி கேக்கதுல என்ன வந்துரப்போவுது. பாபநாசத்துக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு. நீயே நியாயத்தைச் சொல்லு.

எங்க மாமியா பேரு ஆவுடையம்மா. கடையத்துல எங்க தெருவுல போய் விசாரிச்சேன்னா, விரதக்கார ஆவுடையம்மான்னு சொன்னாத்தான் தெரியும். செவ்வா, வெள்ளி, சஷ்டி, பிரதோசம், எதையும் விடமாட்டாவ. ஆனா சிவராத்திரிதான் அத்தைக்குக் கிரீடம் மாதிரி. கல்யாணமாகி வந்த வருசம் பிடிச்ச விரதமாம். முந்தின நாள் ஒரே ஒரு நேரம் பச்சரிசிச் சோறு. பொறவு சிவராத்திரி பகல் முழுக்க, ராத்திரி முழுக்க, மறுநாள் விடியுத வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாது. மத்தவளுவ பால் குடிப்பா, பழம் திம்பா, அவலை நனைச்சு வெல்லத்தைப் போட்டுத் திம்பா. அத்தை பாத்துட்டுச் சிரிப்பாவ. "இதுக்குப் பேரு விரதமாளா? இது விருந்துல்லா"ம்பாவ.

நானும் அந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து கூடவே இருந்தேன். ஆரு என்னன்னு கேட்டா? ஆவுடையம்மா விரதம் ஆவுடையம்மா விரதம்னுதான் பேச்சு. பக்கத்துல ஒருத்தி அதே பட்டினியோட உக்காந்து விசிறிக்கிட்டு இருக்காளே, அவ வயிறு என்ன கல்லா?

சரி, அதை விடு. அத்தை சாவுறதுக்கு முந்தின வருசத்துலதான் எல்லாம் ஆரம்பிச்சுது. அந்த வருசம் கோயில்லதான் முழிச்சோம். ராத்திரிய நாலாப் பிரிச்சு நாலு காலப் பூசை பண்ணுவாவல்லா, நாலாங்காலம் ஆரம்பிக்கையில அத்தை தூண்ல சாஞ்சுக்கிட்டு என் முந்தானைய இழுத்தாவ.

"ஏளா, நாக்கு மேலண்ணத்துல ஒட்டுது. ஒரு மடக்குத் தண்ணி கொண்டா."

எழுபது வயசு. பத்து வருசமா சுகர். எனக்குப் பதறிட்டு. குழாயடிக்கு ஓடினேன். பிரசாதம் குடுத்த தொன்னை ஒண்ணு கெடந்துது, அதுல பிடிச்சுக் கொண்டுவந்து குடுத்தேன். ஒரே மூச்சுல குடிச்சாவ. குடிச்சுட்டு என்னைய ஒரு பார்வை பாத்தாவ பாரு, சின்னப்பிள்ளை பாக்க மாதிரி. நான் குடுத்து அவிய முகஞ்சுளிக்காம வாங்கினது அது ஒண்ணுதான்.

விடிஞ்சுது. கோயில் வாசல்ல செருப்பு போடையில நாலு பேரு கூடிட்டாவ. "என்ன ஆவுடையம்மா, விரதம் நல்லபடியா முடிஞ்சுதா?"ன்னு ஒருத்தி கேட்டா. அத்தை என்ன சொன்னாவ தெரியுமா? "எங்க முடிய? எங்க வீட்டுக்கு வந்தவ தண்ணியக் குடுத்துக் கெடுத்துட்டாள்லா. நான் மயக்கத்துல ஏதோ கேட்டேன், புத்தி வேண்டாமா இவளுக்கு?"

அந்த ஒரு தடவையோட விட்டிருந்தாக்கூடப் போவுதுன்னு இருந்திருப்பேன். ஒரு வருசம் தாயி. கல்யாண வீட்ல, சடங்கு வீட்ல, எங்க போனாலும் இதே கதை. செண்பகம் மகளுக்கு வளைகாப்பு. என் கூடப்பொறந்தவன் பொண்டாட்டி, அவ அம்மை, எல்லாரும் வந்து உக்காந்திருக்காவ. நான் சித்திரான்னத் தட்டைக் கொண்டுவாரேன். அத்தை கையக் காட்டி, "இதோ வாராளே, இவதான் என் நாப்பத்தொம்பது வருச விரதத்தை ஒரு தொன்னைத் தண்ணில கரைச்சவ"ங்காவ. அம்புட்டுப் பேரும் சிரிச்சாளுவ. வளையல் போட உக்காந்திருந்த பிள்ளைகூட வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன செய்ய, தட்டு கையில இருக்கு.

அப்படியே மறுவருசம் சிவராத்திரி வந்துட்டு. அத்தைக்கு முட்டு வீங்கிக் கெடந்துது, கோயிலுக்கு நடக்க முடியாது. வீட்லயே முழிக்கேன்னுட்டாவ. டாக்டர் வேண்டாம்னாரு. எங்க வீட்டுக்காரவியளும் வேண்டாம்னு ஒரு பேச்சுக்குச் சொன்னாவ. அத்தை காதுல வாங்குவாவளா? அம்பதாவது வருசம்லா.

காலைல என்னையப் பூசை அலமாரி முன்னால கூப்பிட்டு நிப்பாட்டினாவ. விபூதிய என் கையில வச்சு மூடினாவ.

"இந்தா, சத்தியம் பண்ணு. இன்னைக்கு ராத்திரி நான் தண்ணி கேட்டாலும் நீ குடுக்கக்கூடாது."

"அத்தை, போன வருசம் மாதிரி ஏதும்..."

"அதுக்குத்தான் சொல்லுதேன். நான் கேக்க மாட்டேன். கேட்டா அது நான் இல்ல, என் உடம்பு. உடம்பு பேச்சைக் கேக்காதே. ஏசினாலும், அழுதாலும், கேட்டாலும் குடுக்காதே. குடுத்தே, என் அம்பது வருசமும் உன் தலையில."

சத்தியம் பண்ணினேன். இவிய அங்கதான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு நின்னாவ. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னாவ. இதை ஞாபகம் வச்சுக்கோ. ஏன்னா பொறவு ஒருத்தருக்கும் அது ஞாபகம் இல்ல.

ஆறு மணிக்கு இவிய கோயிலுக்குக் கெளம்பினாவ. மூணாங்காலப் பூசைக்குப் பால் எங்க குடும்பத்துக் கட்டளை, மூத்த மகன் நின்னே ஆகணும். செல்லை அலமாரி மேலயே வச்சுட்டாவ, கோயிலுக்குள்ள அது எதுக்குன்னு. வாசல் வரைக்கும் போனவிய திரும்பி வந்து, "அம்மைக்கு சுகர் மாத்திரைய மட்டும் மறக்காமக் குடுத்துரு"ன்னாவ.

"வெறும் வயித்துலயா?"ன்னேன்.

"டாக்டர் எழுதிக் குடுத்தது. அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா? விரதம்னு மருந்தை விடக்கூடாது. குடுன்னா குடு."

குடுத்தேன். அத்தை எச்சியக் கூட்டி முழுங்கினாவ. மருந்து விரதத்துல சேராதாம்.

முதல் காலம் நல்லாத்தான் போச்சு. எங்க வீட்லருந்து ரெண்டு தெரு தள்ளித்தான் கோயில், மணிச் சத்தம் கேக்கும். அத்தை கட்டில்ல சாஞ்சுக்கிட்டு உருத்திராட்சத்தை உருட்டுதாவ. நான் அந்த ரூம்பு நிலைப்படில உக்காந்து நமச்சிவாயம் சொல்லுதேன். ரெண்டாங்காலம் ஆரம்பிச்சுப் பத்து நிமிசம் இருக்கும், "ஏளா, பேனைக் கூட்டி வை, வேர்க்குது"ன்னாவ. மாசி மாசம், வெளிய பனி கொட்டுது. ரவிக்கை முதுகுல ஒட்டிக் கெடக்கு. உருட்டுத மாலை ரெண்டு தடவ கீழ விழுந்துட்டு. எடுத்துக் குடுத்தேன்.

பொறவு கேட்டாவ. "தண்ணி."

நான் சொன்னேன், "அத்தை, காலைல என்ன சொன்னிய?"

என் முகத்தையே பாத்தாவ. பொறவு சிரிச்சாவ. "நல்லவேளை, ஞாபகப்படுத்தினே. கெட்டிக்காரிதான்"னாவ. இருபத்திரெண்டு வருசத்துல என்னைய மெச்சி ஒரு வார்த்தை. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அப்படியே நிமுந்து உக்காந்துட்டேன்.

அரை மணி நேரம் கழிச்சு மறுபடியும். இப்ப குரல் குழைஞ்சுட்டு. "நாக்கை நனைக்க மட்டும், ஒரு சொட்டு."

"உடம்புதான் கேக்குது அத்தை, நீங்க கேக்கல."

அவிய சொன்ன சொல்லைத்தான் நான் சொன்னேன். என் சொந்தப் பேச்சா? அதுக்கு என்னைய என்னமா ஏசினாவ தெரியுமா! பாதகத்தி, சண்டாளி, என் வீட்ல வந்து எனக்கே தண்ணி இல்லங்கியாடின்னு. ஏசினாலும் குடுக்காதேன்னு அதையும் சேத்துத்தான் சத்தியம் வாங்கியிருந்தாவ. சொன்னபடியே எல்லாம் நடக்கு. ஏசிட்டு அழுதாவ. அதுவும் சொன்னபடிதான்.

நான் கல்லு இல்ல தாயி. எந்திரிச்சுப் போய் செப்புக் குடத்துலருந்து ஒரு டம்ளர் மோந்து கொண்டுவந்தேன். நிலைப்படி வரைக்கும் வந்துட்டேன். அங்க நின்னுட்டேன். அந்த வளைகாப்பு வீட்ல சிரிச்சாளுவல்லா, அந்தச் சிரிப்பு அப்படியே காதுக்குள்ள கேக்குது. இப்ப இதைக் குடுத்தா, விடிஞ்சதும் அம்பது வருசம், அம்பது வருசம்னு செத்த வீட்லகூட என்னையக் காட்டிச் சிரிப்பாவ. டம்ளரை நிலைப்படி ஓரமா வச்சுட்டு, பக்கத்துலயே உக்காந்துட்டேன். மறுபடி நமச்சிவாயம்.

அத்தைக்கு வாய் குழற ஆரம்பிச்சுட்டு. யார் யாரையோ கூப்பிட்டாவ. செத்துப்போன மாமா, பெத்த பிள்ளையள், எப்பவோ செத்த பசுமாடு. நடுவுல ஒரு தடவ, தெளிவா, "வடிவு"ன்னு கூப்பிட்டாவ.

என் பேரு சங்கரவடிவு. அந்த வீட்ல எனக்கு ஏளாதான் பேரு. கோவம் வந்தா பொட்டல்காட்டுக்காரி. எனக்கு ஒரு பேரு இருக்குங்கதே அத்தைக்குத் தெரியாதோன்னு நெனச்சுக்கிடுவேன். "வடிவு, இங்க வாம்மா"ன்னாவ. போயிருக்கணும். போயிருப்பேன். இன்னொரு தடவ கூப்பிடட்டும், கேட்டுட்டு எந்திரிப்போம்னு உக்காந்திருந்தேன்.

கூப்பிடல.

மூணாங்கால மணி அடிச்சுது. அந்நேரம் இவிய கோயில்ல பால்குடத்தைத் தூக்கிக் குடுத்துக்கிட்டு நின்னிருப்பாவ. பூசை முடிஞ்சதும் எல்லாருக்கும் சுக்குக் காப்பி குடுத்தாவளாம், இவியளும் குடிச்சுட்டு மண்டபத்துல துண்டை விரிச்சுப் படுத்துட்டாவளாம். அதைப் பொறவு பூசாரி பொண்டாட்டி சொன்னா. அந்த விரதம் கெடல. அதை யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

அத்தை சத்தமில்லாமக் கெடந்தாவ. கண்ணு சொருகிட்டு. ஐயையோ தூங்குதாவளே, அம்பதாவது வருசம், முழிப்பு கெட்டுப் போயிரக் கூடாதேன்னு எழுப்பப் போனேன். சத்தியமா அதுக்குத்தான் போனேன். தோளைத் தொட்டா, சில்லுன்னு நனைஞ்ச துணி மாதிரி இருக்கு. "அத்தை, அத்தை"ன்னு உலுக்குதேன். அப்பத்தான் அந்த டம்ளரை எடுத்து வாயில ஊத்தினேன். ரெண்டு கடைவாய் வழியாவும் வடிஞ்சு தலையணைல எறங்கிட்டு.

எதுத்த வீட்டுக்காரரு ஓடிப்போய் இவியளக் கூட்டிட்டு வந்தாரு. நெத்தி நெறைய விபூதி, கையில பிரசாதப் பொட்டலம். டாக்டர் வந்து பாத்துட்டு, "சாப்பிடாம சுகர் மாத்திரை போட்டாங்களா?"ன்னு கேட்டாரு. இவிய தரையப் பாத்தாவ. "சர்க்கரை கீழ எறங்கியிருக்கும். வேர்த்திருக்கும், கை நடுங்கியிருக்கும், வாய் குழறியிருக்கும். ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணி குடுத்திருந்தாப் போதும். கூட யாரு இருந்தா?"ன்னாரு.

இவிய கைய நீட்டி என்னையக் காட்டினாவ. ஒரு விரலு. அவ்வளவுதான்.

பத்து மணிக்குச் செண்பகம் வந்து எறங்கினா. அதுக்குள்ள தெருவெல்லாம் பரவிட்டு. வாய்க்கரிசி போட எல்லாரும் வரிசைல போறாளுவ, நானும் கையில அரிசியோட போறேன். வழிய மறிச்சுட்டா. "உயிரோட இருக்கையில தண்ணி குடுக்காதவ, செத்த பொறவு என்ன அரிசி போட வாரா?"ன்னு கூட்டத்துல கத்தினா. "ரெண்டு தெரு தாண்டினா கோயிலு. ஓடிப்போய் அண்ணனைக் கூப்பிட்டா என்ன?"ன்னா. விரதக்காரியத் தனியா விட்டுட்டுத் தெருவுல ஓடலாமா? நீ சொல்லு. நான் இவியளப் பாத்தேன். சத்தியம் வாங்கினதைக் கேட்டுக்கிட்டு நின்ன மனுசன், ஒரு வார்த்தை சொல்லுவாவன்னு பாத்தேன். சொல்லல. கைல இருந்த அரிசிய நான் திரும்பக் கொண்டுபோய்ப் பானைலயே போட்டேன். பொறவு அதுலதான் பொங்கினோம்.

அன்னைலருந்து இவிய என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கது இல்ல. சோறு திம்பாவ. குழம்பு, ரசம், மோர் எல்லாம் நான் ஊத்தினாத்தான். தண்ணிய மட்டும் எந்திரிச்சுப் போய் தானா மோந்துக்கிடுவாவ. விருந்தாளி இருந்தாலும் அப்படித்தான். ரசத்துல இல்லாத பாவம் தண்ணில மட்டும் எப்படி வந்துது? எனக்கு விளங்கல.

நானும் அந்த மாத்திரைப் பேச்சை எடுத்ததே இல்ல. ஒரு நாளும், ஒரு வார்த்தை. அந்த மட்டுக்கு எனக்குப் புத்தி இருக்கு. புருசனைக் குத்திக்காட்டிப் பேசுத வளர்ப்பு இல்ல எங்க வீட்டு வளர்ப்பு. அந்த மாத்திரை அட்டை மட்டும் இருக்கு. நாலு மாத்திரை மிச்சம். தூரப்போட மனசு வரல, அத்தை ஞாபகமா இருக்கட்டுமேன்னு பூசை அலமாரில விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். தெனம் காலைல இவிய விபூதி எடுக்கையில கையில தட்டும். ஒரு தடவ அதை அலமாரிக்கு மேல தூக்கி வச்சிருந்தாவ. நான் துடைச்சு, இருந்த எடத்துலயே வச்சுட்டேன். அதோட விட்டுட்டாவ.

போன கார்த்திகைல ஒரு நாள், மத்தியானம். சாப்பிட்டு எந்திரிச்சு, குடத்துல தண்ணி மோந்து கையில வச்சுக்கிட்டு நிக்காவ. குடிக்கல. எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் கேட்டாவ.

"அன்னைக்கு ராத்திரி, அம்மை என்னையத் தேடினாளா?"

எட்டே முக்கா வருசம் கழிச்சு. அந்த ராத்திரியப் பத்தி என்கிட்ட கேட்ட மொதக் கேள்வி. உனக்கு என்ன ஆச்சு, நீ என்ன பாடுபட்டே, அதெல்லாம் இல்ல. என்னையத் தேடினாளா.

"இல்ல"ன்னேன்.

"ஒரு தடவகூடவா?"

"இல்ல. என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாவ"ன்னேன்.

குடிக்காமலே டம்ளரைக் குடத்து மேல வச்சுட்டு, போய்ச் சுவத்தைப் பாத்துப் படுத்துட்டாவ. ராத்திரி சோறும் வேண்டாம்னுட்டாவ. நான் வற்புறுத்தல.

நீ என்ன அப்படிப் பாக்கே? பொய்தான் சொன்னேன். விரத நாள்ல பொய் சொல்லக்கூடாது, அது எனக்கும் தெரியும். அன்னைக்கு வெறும் புதன்கிழமை, எனக்கு ஒரு விரதமும் கெடையாது.

கூப்பிட்டாவ. கூப்பிடாம இருப்பாவளா, பெத்த மகன்லா? அனவரதம், அனவரதம்னு. புருசன் பேரு சொல்லக்கூடாது, இருந்தாலும் உன்கிட்ட சொல்லுதேன். என்னைய ஒரு தடவ. இவியளப் பதினேழு தடவ. மொதத் தடவ கேட்டதுமே எண்ண ஆரம்பிச்சுட்டேன். அந்நேரத்துக்கு எனக்கும் கண்ணைச் சொக்கிக்கிட்டு வந்துது பாத்துக்கோ, எதையாவது எண்ணிக்கிட்டே இருந்தாத்தான் தூக்கம் அண்டாது.